வெள்ளிக்காது ஏன் குழையவில்லை? பெய்ஜிங் இலையுதிர்காலத்துப் பேரிக்காய் சூப்

செப்டம்பர் பிறந்தால் போதும், பெய்ஜிங்கில் மூக்கின் உள்பக்கம் காய ஆரம்பித்துவிடும். அக்டோபரில் உதடு வெடிக்கும். நவம்பர் 15-ஆம் தேதி ஊர் முழுக்க ஹீட்டிங் போட்டுவிடுவார்கள், அப்புறம் ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். இங்கே வந்த முதல் வருடம் இருமல் மருந்தாக வாங்கிக் குவித்தேன். அதைப் பார்த்துவிட்டு மாடி வீட்டு ஆயி ஒரு கிண்ணம் சூப்போடு வந்து கதவைத் தட்டினார். (அம்மா வயதுப் பெண்களை இங்கே 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்கள். நமக்கு வாயில் சுலபமாக வரும்.)

சீன மருத்துவக் கணக்கில் இலையுதிர்காலம் நுரையீரலுக்கு உரியது. அதற்கான நிறம் வெள்ளை, அதற்கு ஆகாதது 'ட்சாவ்', அதாவது வறட்சி. ஆகவே வெள்ளையாக, ஈரப்பசையாக இருப்பதைச் சாப்பிடச் சொல்வார்கள்: பேரிக்காய், லில்லிக் கிழங்கு, தாமரைக் கிழங்கு, வெள்ளிக்காது என்ற காளான். சீன நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 7, 8 வாக்கில் வரும் 'லிச்சியூ' அன்றே இலையுதிர்காலம் பிறந்துவிடும். ஆனால் அப்போது வெயில் கொளுத்தும், சூப் குடிக்க மனசே வராது. செப்டம்பர் 7, 8-இல் வரும் 'பாய்லு' என்ற பருவ நாளுக்குப் பிறகுதான் நான் அடுப்பில் ஏற்றுவேன். நிறத்தை வைத்து உறுப்பு பார்க்கும் கணக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அது போதும்.

நான்கு பேருக்கு: காய்ந்த வெள்ளிக்காது சின்னதாக ஒன்று (15 கிராம் போல), பேரிக்காய் 1, விதை எடுத்த சிவப்பு இலந்தை 5, கற்கண்டு 30 கிராம், கோஜிப் பழம் (காய்ந்த சின்னச் சிவப்புப் பழம்) ஒரு கைப்பிடி, தண்ணீர் ஒன்றரை லிட்டர். வெள்ளிக்காதுக்குச் சீனத்தில் 'யின் அர்' என்று பெயர். ஃபூஜியான் மாகாணத்து குட்டியான் சரக்குக்குப் பெயர் அதிகம். பளீரென்று வெள்ளையாக இருப்பதை வாங்காதீர்கள், கந்தகப் புகை காட்டியதாக இருக்கலாம். லேசாக மஞ்சளோடியதுதான் நல்லது.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். சூப் வழவழவென்று கஞ்சி பதத்துக்கு வரவேண்டும். எனக்கு முதல் மூன்று தடவையும் தெளிந்த தண்ணீரில் ரப்பர் துண்டுகள் மிதந்தன. நாற்பது நிமிடம் கொதித்தும் அசையவில்லை. ஆயி வந்து கரண்டியால் ஒரு துண்டை எடுத்து, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, பாத்திரத்தையே இறக்கச் சொல்லிவிட்டார்.

அவசரத்தில் நான் வெந்நீரில் ஊறவைத்திருந்தேன். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஊறட்டும், பூ மாதிரி விரியும். அடியில் மஞ்சளாக ஒரு கெட்டிக் காம்பு இருக்கும், அதைக் கத்தரித்து எறியுங்கள், எத்தனை வெந்தாலும் அது வேகாது. பிறகு கையால் கிழிக்கவேண்டும். நான் இட்லித் துண்டு அளவுக்குக் கிழித்திருந்தேன். ஆயி கிழித்தது நகத்தளவு. கிழிந்த ஓரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பசை வெளியே வரும்.

கிழித்ததைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பெரிய தீயில் பத்து நிமிடம், அப்புறம் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். மூடிக்கு அடியில் ஒரு சாப்ஸ்டிக்கைக் குறுக்கே வையுங்கள், இல்லாவிட்டால் பொங்கி அடுப்பு நாசம். கரண்டியைத் தூக்கினால் கடைசிச் சொட்டு நூலாக இழுபடும். அதுதான் பதம். அதற்கு முன்னால் கற்கண்டைப் போடவேண்டாம். பதம் வந்தபின் பேரிக்காய், இலந்தை, கற்கண்டு சேர்த்து இருபது நிமிடம். கோஜி கடைசி ஐந்து நிமிடம்தான், முதலிலேயே போட்டால் புளித்துப்போகும்.

பாத்திரம் என்றால் என் ஓட்டு மண்சட்டிக்குத்தான். குக்கரில் அரை மணியில் வேலை முடியும், மறுக்கவில்லை. ஆனால் நூல் இழுபடுகிறதா என்று இடையில் திறந்து பார்க்க முடியாதே!

பின்சேர்க்கை: "கொண்டைக்கடலை மாதிரி முந்தின ராத்திரியே ஊறப்போடலாமா?" என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டவே வேண்டாம். ஊறிய காளான் வெளியில் வெகுநேரம் கிடந்தால் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து போங்கிரெக்கிக் அமிலம் என்ற விஷம் உண்டாகலாம். கொதிக்கவைத்தாலும் அது போகாது. 2020 அக்டோபரில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் புளிக்கவைத்த சோள நூடுல்ஸ் சாப்பிட்டு 9 பேர் இறந்தது இதே விஷத்தால்தான். ஊறியது வழுவழுத்தாலோ வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மிச்சமான சூப் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதற்கு மேல் நான் வைப்பதில்லை.

இன்னொன்று. பேரிக்காய் இங்கேயும் 'குளிர்ச்சி'தான். சளி கட்டிய இருமலுக்கும், வயிறு இளகுகிறவர்களுக்கும் இதைத் தரமாட்டேன் என்று ஆயி கறாராகச் சொல்வார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கற்கண்டைத் தொடவேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

லில்லிக் கிழங்கு பற்றிக் கேட்டவர்களுக்கு: லான்ஜோ நகரத்துக் கிழங்கு கசக்காது. கிடைத்தால் பேரிக்காயோடு சேர்த்துப் போடுங்கள். நான் போன வாரம் மலிவாகக் கிடைத்ததே என்று வேறொன்றை வாங்கிப் போட்டேன். சட்டியே கசந்தது.