செஸ் புரோகிராமில் காய்களுக்கு மதிப்பு வைப்பது எப்படி?

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. செஸ் கற்றவர்களுக்கெல்லாம் மனப்பாடமான கணக்கு இது. 1950-ல் வெளியான கட்டுரையில் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணினிக்கும் இதையேதான் கொடுத்தார், ராஜாவுக்கு 200. இதை அப்படியே கோடில் (code) போட்டாலும் புரோகிராம் ஆடும், ஆனால் காய்களை மாற்றி வெட்டிக்கொள்ளும்போது சொதப்பும்.

படி 1: எல்லாவற்றையும் 100-ஆல் பெருக்குங்கள். சிப்பாய் 100 என்றால், அரைச் சிப்பாய் 50. தசமப் புள்ளியே வேண்டாம், முழு எண்களிலேயே வேலை முடியும். இந்த அலகுக்கு சென்டிபான் என்று பெயர்.

படி 2: வெட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முக்கியமான இடம் இதுதான். வெள்ளைக் குதிரை ஜி5-லும் பிஷப் சி4-லும் நிற்கின்றன. கறுப்பு ராஜா கோட்டை கட்டி ஜி8-ல், யானை எஃப்8-ல், சிப்பாய் எஃப்7-ல். குதிரை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. யானை குதிரையை வெட்டுகிறது. பிஷப் யானையை வெட்டுகிறது. கடைசியில் ராஜா பிஷப்பை வெட்டுகிறது. வெள்ளை கொடுத்தது 3+3, வாங்கியது 5+1. பழைய கணக்கில் இரண்டும் சமம். வேறு எதிலாவது துளி லாபம் தெரிந்தாலே புரோகிராம் இதில் இறங்கிவிடும். நிஜத்தில், ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு காய்களை இப்படிக் கொடுப்பது பெரும்பாலும் நஷ்டம்தான்.

ஆகவே எண்ணுக்கு முன்னால் நிபந்தனைகளை எழுதுங்கள். குதிரை மூன்று சிப்பாய்களைவிடப் பெரிது. பிஷப்பும் குதிரையும் சேர்ந்தால் யானையும் சிப்பாயும் சேர்ந்ததைவிடப் பெரிது. ராணியும் ஒரு சிப்பாயும் இரண்டு யானைகளுக்குச் சமம். செஸ் புரோகிராமர் தோமாஷ் மிக்னியெவ்ஸ்கி இந்த வழியில்தான் குதிரைக்கு 320, பிஷப்புக்கு 330, யானைக்கு 500, ராணிக்கு 900 என்று வைத்தார். இப்போது மேலே சொன்ன வெட்டில் கொடுப்பது 650, வாங்குவது 600. புரோகிராம் தொடாது.

படி 3: ராஜா. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் கூட்டலில் அடிபட்டுப் போகும். விதிமீறிய நகர்வுகளை உங்கள் கோடு முன்பே வடிகட்டினால் 0 போதும். ராஜாவை வெட்டவிட்டுப் பார்க்கும் கோடு என்றால் 20000 மாதிரி எட்டாத எண்ணை வையுங்கள்.

படி 4: ஒரு பக்கத்தில் இரண்டு பிஷப்பும் இருந்தால் கூடுதலாக 50 கொடுங்கள். 1999-ல் செஸ் வீரர் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களை அலசிச் சொன்னதும் அரைச் சிப்பாய்தான். பின்னால் பிஷப்பின் நடமாட்டத்துக்குத் தனியாகப் புள்ளி சேர்த்தால் அடிப்படை மதிப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஒரே பலத்தை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள்.

படி 5: ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, பழைய புரோகிராமையும் புதியதையும் மோதவிடுங்கள். செஸ் புரோகிராம்களை ஒன்றோடொன்று ஆடவிடும் கியூட்செஸ் என்ற மென்பொருள் இதற்கு வசதி. வெவ்வேறு தொடக்க நிலைகளைக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் இரண்டும் அதே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடக்கூடும். பத்து ஆட்டத்தில் ஆறு ஜெயித்தது என்று துள்ள வேண்டாம், அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். சின்ன மாற்றம் என்றால் ஆயிரக்கணக்கில் ஓடவிட்டால்தான் வித்தியாசம் தெரியும். நேரத்தை ஆட்டத்துக்குச் சில நொடிகளாகக் குறைத்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.