கம்பின் நுனியில் மனசை நிறுத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிலம்பம் பழக வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "தனியா சுத்தினா நல்லா வருது அண்ணே. நாலு பேர் பார்த்தா கம்பு நழுவுது." கை பழகிவிட்டது, மனம் இன்னும் பழகவில்லை. அதையும் பழக்கலாம். தினம் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். நெற்றி உயரத்துக்கு ஒரு ரோத்தான் (பிரம்பு) கம்பு போதும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தொடக்கத்துக்கு ஒரு வரிசை வேண்டும். மண்ணைத் தொட்டு வணங்குங்கள், கம்பைப் பிடியுங்கள், மூன்று முறை மூச்சை இழுத்து விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், படபடப்பு தணியும். போட்டி நாளிலும் இதே வரிசைதான். நாளடைவில் மண்ணைத் தொட்டதுமே மனம் அடங்கத் தொடங்கும்.

இனிதான் முக்கியமான படி. சுற்றும்போது மணிக்கட்டை நினைக்காதீர்கள். கம்பின் நுனி காற்றில் போடும் வட்டத்தை நினையுங்கள். நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டால் எளிது. கண் எதிரே பார்க்கட்டும், கவனம் மட்டும் நுனியோடு போகட்டும்.

என் பாட்டி கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், அவர் கத்தியிலிருந்து பட்டை மெல்லிய சுருளாக உதிரும். ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். "கையப் பார்த்தா கோணிடும், கத்தி போற வழியப் பாரு" என்பார். 1998-இல் காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பனிச்சறுக்கு போன்ற ஓர் அசைவுக் கருவியில் சோதித்தபோது, தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிடக் கருவியின் சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதைப் படித்த அன்று பாட்டியை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், வேகத்தின் அளவு. பத்துச் சுற்றில் ஏழெட்டு சரியாக வந்தால் அந்த வேகத்திலேயே இருங்கள். பத்தும் வந்தால் கூட்டுங்கள், பாதி தவறினால் குறையுங்கள். ஆட்டத்தில் தன்னை மறக்கும் நிலையை 1970-களிலிருந்தே ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் சவாலும் திறமையும் ஈடாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் பதற்றம்.

கடைசியாக, பார்வையாளர்கள். முதல் வாரம் தம்பி தங்கை ஒருவர் போதும். பிறகு பக்கத்து வீட்டார். அதற்குப் பிறகு, சாயங்காலம் ஆட்கள் கூடும் கோயில் திடல். கம்பு விழுந்தால் யார் முகத்தையும் பார்க்காதீர்கள். குனிந்து எடுங்கள், ஒரு நீண்ட மூச்சு விடுங்கள், சிவப்புத் துணியைப் பாருங்கள், விட்ட அடியிலிருந்து சுற்றுங்கள்.