பழைய காரின் பின் அக்சில் பெயாரிங்கை மாற்றுதல்

கடற்காற்றில் பின்சக்கர நட்டுகள் துருப்பிடித்து இறுகுவது திருகோணமலையில் வழக்கமென்பதால், முதல்நாளே அவற்றுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். அக்சிலை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டை) வெளியே இழுத்த பின், பெயாரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தில் தண்டைத் தொடாத ஆழத்துக்குத் துளையிட்டு, உளியால் ஓங்கி அடித்தால் அது பிளந்து கழன்றுவிடும். கழற்றுவதற்காகக் காஸ் சுவாலையால் சூடாக்கினால் அக்சிலின் கடினத்தன்மை கெட்டு, பின்னர் ஓட்டத்தில் முறியக்கூடும். புதிய பெயாரிங்கை ஏற்றும்முன், அதை அக்சில் கூட்டோடு பிடித்து வைக்கும் பிடிப்புத் தகட்டைத் தண்டில் மாட்டிவிட வேண்டும் (இதை மறந்து புதிய பெயாரிங்கையே பாழாக்கியவர்களுள் நானும் ஒருவன்). சுத்தியலைத் தவிர்த்து, பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) உள்ள பட்டறையில் பெயாரிங்கின் உள்வளையத்தை மட்டும் அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். அதை இறுக்கிப் பிடிக்கும் புதிய வளையத்தைப் பெயாரிங்குடன் சேர்த்து அழுத்தாமல், சுமார் 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்கித் தனியாக ஏற்றுவது நல்லது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒயில் சீல் (oil seal) வளையத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.