பழமொழி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஒப்படைக்காகவும் சொந்த ஆர்வத்திலும் பழமொழி திரட்டும் இளையவர்களைத் திருகோணமலையில் இப்போது அடிக்கடி காண்கிறேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்று போய் வருகிறார்கள். மனதுக்கு நிறைவான விசயம். ஆனால் கொப்பியைத் திறந்தால் எங்கள் காலத்துப் பிழைகளே திரும்பவும் நிற்கின்றன. எழுத்துப் பிழை, போனில் சார்ஜ் இல்லாமல் போவது போன்றவற்றை விடுங்கள், அவை தானாகச் சரியாகும்.

வரியை மட்டும் எழுதிக்கொண்டு வருவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். ஒரு பக்கம் பழமொழி, மறுபக்கம் 'பொருள்'. யார் சொன்னார், யாருக்கு, எந்த நேரத்தில் என்று ஒரு சொல் இருக்காது.

கிண்ணியாவில் ஒரு உம்மம்மாவிடம் (முஸ்லிம் வீடுகளில் பாட்டி) கேட்டது என்று 'மரத்தால விழுந்தவன மாடு ஏறி மிதிச்ச மாதிரி' ஒரு கொப்பியில் இருந்தது. பொருள்: 'துன்பத்தின் மேல் துன்பம்'. இதற்கு கிண்ணியா வரை போக வேண்டுமா? எழுதிய தம்பியை இருத்திக் கேட்ட பிறகுதான் கதை வந்தது. காற்றில் தோணியையும் வலையையும் இழந்த அயலவரிடம் பழைய கடனைக் கேட்க உம்மம்மாவின் மகன் புறப்பட்டிருக்கிறார். தம்பி முன்னாலேயே, வாசலில் வைத்து, தாய் மகனுக்குச் சொன்ன சொல் அது. 'நீ அந்த மாடாகிவிடாதே' என்ற கண்டிப்பு. மகன் போகவில்லையாம். அவ்வளவும் கொப்பியில் வெறும் அனுதாபமாகச் சுருங்கிவிட்டது. மற்ற வரிகளைப் பற்றிக் கேட்டால் தம்பிக்கு ஒன்றும் நினைவில்லை. உம்மம்மாவும் இப்போது இல்லை.

தொல்காப்பியம் முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம் எல்லாம் சொல்லிவிட்டு, 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்' என்றும் சொல்கிறது. முடிக்க வேண்டிய பேச்சு ஒன்று முன்னால் இருந்தால்தான் பழமொழிக்கு வேலை. வரிகள்தான் வேண்டுமென்றால், பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பிலேயே ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நாம் வீடு வீடாகப் போவது அந்தப் பேச்சைக் கேட்க.

'உருளும் கல்லில் பாசி படியாது' என்ற ஆங்கிலப் பழமொழியையே பாருங்கள். ஓரிடத்தில் நிலைக்காதவன் எதையும் சேர்க்கமாட்டான் என்பது பழைய வழக்கு. அமெரிக்காவில் பலருக்குப் பாசி என்றால் தேக்கம். அதனால் ஓடிக்கொண்டே இருப்பவனைப் புகழச் சொல்வார்கள். சொன்ன ஆளும் இடமும் தெரியாவிட்டால் திட்டா, பாராட்டா என்றே சொல்ல முடியாது.

ஒத்தது கிடைத்ததும் 'எங்களிடமிருந்து போனது' என்பது

மரத்தால் விழுந்தவனை மாடு முட்டுவது சிங்களத்திலும் உண்டு. நாங்கள் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம். அவர்கள் செவிட்டு யானைக்கு வீணை வாசிக்கிறார்கள். கிணற்றுத் தவளை சீனத்தின் சுவாங் சீ நூலிலும் வருகிறது. ஒற்றுமையை எழுதுங்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

விலங்கைத் தெரியாமல் பொருள் சொல்வது

'தின்ன ஆசை வந்தால் கபரகொயாவும் தலகொயாவாகும்' என்பது சிங்களப் பழமொழி. 'ஆசைக்கு அளவில்லை' என்று ஒருவர் பொருள் எழுதியிருந்தார். தலகொயா என்பது உடும்பு, கறியாக்கித் தின்பார்கள். கபரகொயா அதே இனம்தான், ஆனால் தண்ணீரோரம் திரிவது, தின்னக்கூடாது என்று ஒதுக்குவது. தனக்குத் தேவை வந்ததும் ஒழுங்கை வளைக்கிறவரைக் குத்தத்தான் இதைச் சொல்வார்கள். சிங்களம் பேசும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பார்.

'மூல வடிவம்' கண்டுபிடிப்பது

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்று ஆச்சி சொன்னால் அது மண் குதிரைதான். ஆற்று மணல்திட்டைச் சொல்லும் 'குதிர்'தான் மூலம் என்று அதைத் திருத்தாதீர்கள்.

கூச்சம் தரும் பழமொழிகளை விட்டுவிடுவது

பெண்களையும் சாதியையும் இழிவாகச் சொல்பவை நிறைய வரும். வெட்டாமல் எழுதுங்கள். அது யாருடைய முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது, அவர் என்ன திருப்பிச் சொன்னார் என்றும் கேளுங்கள். சில வீடுகளில் பதிலும் ஒரு பழமொழியாகவே வரும்.