கோபம் தண்டல்காரர் மேல், தட்டு பறப்பது வீட்டில்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். காசிமேட்டில் எங்கள் மகளிர் குழுவுக்கு வீட்டுச் சண்டைகள் அதிகமாக வருவது அந்தச் சமயத்தில்தான். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும், கையில் காசு இருக்காது. கடன் கொடுத்த தண்டல்காரரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. ராத்திரி குழம்பில் உப்பு இல்லை என்று தட்டு பறக்கும்.

உளவியலில் இதை இடமாற்றம் என்கிறார்கள். தாங்க முடியாததிலிருந்து தப்பிக்க, நமக்கே தெரியாமல் மனம் செய்துகொள்ளும் தற்காப்புகளில் இதுவும் ஒன்று. சிக்மண்ட் பிராய்டு தொடங்கிய இந்தச் சிந்தனையை அவர் மகள் அன்னா பிராய்டு 1936-ல் தனி நூலாகவே விரித்து எழுதினார். தற்காப்பு எல்லோருக்கும் உண்டு, அது நோய் இல்லை. எதற்கெடுத்தாலும் அதே ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையே அதனால் கெடும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

தட்டு பறந்தால் உப்பைப் பற்றி வாதாடாதீர்கள். அன்று யார் வந்து போனார்கள், எந்த போன் வந்தது என்று யோசியுங்கள். மறுநாள் டீ குடிக்கும்போது, "தண்டல்காரர் இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு சரியான இடத்துக்குத் தானாக வரும். காரணம் புரிந்துவிட்டது என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.

அடுத்தது மறுத்தல். சுகர் ரிப்போர்ட் மடிப்புகூடப் பிரியாமல் பீரோ மேல் கிடக்கும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார் வீட்டுக்காரர். அதிர்ச்சியான செய்தி வந்த முதல் சில நாள் மனதுக்கு இந்த மறைப்பு தேவைதான், விட்டுவிடுங்கள். வைத்தியம் தள்ளிப்போனால் விடக்கூடாது. அப்போதும் ரிப்போர்ட்டை முகத்துக்கு நேரே நீட்டினால் இன்னும் இறுகிப்போவார். "எனக்கு பிரஷர் பார்க்க ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட வாங்க" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நல்ல தற்காப்பும் இருக்கிறது. வேதனையை வேறொரு உருப்படியான காரியமாக மாற்றுவது அதில் ஒன்று. நம் பக்கத்துச் சாவு வீட்டில் விடிய விடிய பாடும் கானா அதுதானே? பையன் கோபக்காரனாக இருந்தால் குத்துச்சண்டைப் பயிற்சிக்கோ, கேரம் கிளப்புக்கோ அனுப்பிப் பாருங்கள். அதட்டி அடக்குவதைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதற்கும் மேலே போய்த் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மனசு சரியில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்று ஆரம்பியுங்கள். மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.