காமா பிளாண்ட்டுக்கு சரக்கை அனுப்பும் முன்

மசாலா ஏற்றுமதிக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பாதி, அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்ட அதே சிக்கல்கள்தான். லாட் நம்பர் மாறிப்போவது, சர்ட்டிபிகேட்டில் எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும். பேசப்போவது காமா பிளாண்ட் பற்றி, அதாவது கிருமியையும் பூச்சியையும் கட்டுப்படுத்த உணவுக்குக் காமா கதிர்வீச்சு கொடுக்கும் ஆலை.

கோடெக்ஸை நம்பி கன்டெய்னர் ஏற்றுவது

கோடெக்ஸ் என்பது உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் அமைப்பு. கதிர்வீச்சு செய்த உணவுக்கான அதன் தரம் 1983இல் வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. டோஸ், அதாவது உணவு வாங்கும் கதிர்வீச்சின் அளவு, பொதுவாக 10 கிலோகிரே வரை என்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். துறைமுகத்தில் செல்லுபடியாவது அந்தந்த நாட்டுச் சட்டம். அமெரிக்கா உலர்ந்த மசாலாவுக்கு 30 கிலோகிரே வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில் உலர்ந்த மூலிகை, மசாலா வகைகள் மட்டும்தான், அதுவும் 10க்குள். ஜப்பானில் மசாலாவுக்கு அனுமதியே இல்லை. அங்கே 1972இலிருந்து உருளைக்கிழங்கு முளைக்காமல் இருப்பதற்கு மட்டும்தான். நம் ஊர் விதியோ மசாலாவில் கிருமி குறைக்க 6 முதல் 14 கிலோகிரே வரை கொடுக்கலாம் என்கிறது. இங்கே சட்டப்படி 12 வாங்கிய மஞ்சள்தூள் ஐரோப்பாவில் குற்றவாளி.

லைசென்ஸ் இருந்தால் எந்த பிளாண்ட்டும் சரி என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

தெரிந்த தம்பி ஒருவர் நெதர்லாந்துக்கு மிளகாய்த்தூள் அனுப்பினார். சால்மோனெல்லா கிருமி இருக்கவே கூடாது என்பது பையரின் நிபந்தனை. கிருமி கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயு ஐரோப்பாவில் ஆகாது. ஸ்டீம் போட்டால் நிறம் மங்கும் என்று பயம். பக்கத்திலேயே காமா பிளாண்ட் இருந்தது, அனுப்பிவிட்டார். "அண்ணே, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட லைசென்ஸ் இருக்கு, டோஸ் சர்ட்டிபிகேட்டும் இருக்கு, வேற என்ன வேணும்?" என்றார்.

வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரம். 1999ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி, வெளிநாட்டு பிளாண்ட் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இந்தியாவில் சிலவற்றுக்கு மட்டுமே அந்த இடம். கூட வரும் ஆவணத்தில் பிளாண்ட்டின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். லேபிளிலும் கதிர்வீச்சு செய்ததைச் சொல்ல வேண்டும். மசாலாக் கலவையில் சிட்டிகை அளவு சேர்ந்தாலும் இதே கதைதான்.

தம்பி லேபிளிலும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். தூசிக்குத் தெரியும். மிளகாயில் ஒட்டியிருக்கும் மண் துகள்களின் சிலிக்கேட், வாங்கிய கதிர்வீச்சின் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். ஆய்வகத்தில் ஒரு சின்னத் தட்டில் தூளைப் பரப்பி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள், திரும்பி வரும் ஒளியை 60 வினாடி எண்ணுவார்கள். 700க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 5000ஐத் தாண்டினால் மாட்டிக்கொண்டோம். நடுவில் நின்றால் துகளைப் பிரித்தெடுத்துச் சூடாக்கிப் பார்க்கும் இன்னொரு சோதனை. இந்தச் சரக்கு முதல் சோதனையிலேயே மாட்டியது.

"இப்ப லேபிள் ஒட்டிடலாமா?" என்று கேட்டார். பிளாண்ட்டே பட்டியலில் இல்லாதபோது லேபிள் என்ன செய்யும்? நிறமோ ஈரப்பதமோ சரியில்லை என்றால் ஏதாவது வழி பார்க்கலாம். வாங்கிய டோஸைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. வேறு நாட்டுக்குத் தள்ளலாம் என்றால் அந்த நாட்டின் சட்டம் குறுக்கே நிற்கும். கடைசியில் இரண்டு பக்கச் சரக்குக் கூலியும் அவர் தலையில். எந்த நாடு என்று முடிவாகாத லாட்டை காமாவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

லேபிளில் கதிர்வீச்சு முத்திரை போட்டால் போதும் என்பது

போதாது. எழுத்தில் சொல்ல வேண்டும்.

பூச்சி வந்தால் மறுபடியும் ஒரு டோஸ்

இப்படி இரண்டாம் முறை கொடுக்க, கோடெக்ஸில் ஈரம் குறைந்த உணவுக்கு மட்டும் சலுகை உண்டு. பையரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடாதீர்கள்.

சராசரி டோஸைப் பார்த்து நிம்மதியடைவது

இது பழக்காரர்களுக்கு. 2007இல் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்குக் கதவைத் திறந்தது. முதல் சரக்கு நாசிக் பக்கம் லாசல்காவ் பிளாண்ட்டிலிருந்து போனது. அங்கே நோக்கம் கிருமி அல்ல, பூச்சி. குறைந்தது 400 கிரே, 1000க்கு மேல் போகக் கூடாது. அடுக்கின் ஓரத்துப் பெட்டி அதிகம் வாங்கும், நடுப்பெட்டி குறைவாக வாங்கும். சராசரி 600 என்று காகிதத்தில் அழகாக இருக்கும்போதே நடுவில் ஒரு பெட்டி 380இல் உட்கார்ந்திருக்கலாம். டோஸை அளக்கும் டோஸிமீட்டரை எந்தப் பெட்டியில் வைத்தார்கள், மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.