அச்சம் தெளியாத நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால்

தத்தெடுத்து வந்த நாய் கூடத்தை நனைத்துவிட்டால், அதன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கும் வழக்கம் எங்கள் வண்ணாரப்பேட்டையில் இன்னும் ஒழியவில்லை. மனிதர் பார்க்கையில் கழிப்பது ஆபத்து என்பதை மட்டுமே நாய் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பிறகு நாம் சங்கிலியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும்போது தெருவிலும் அடக்கிக்கொண்டு, வீடு திரும்பியதும் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கிக் கழிக்கும். இதைத் திமிர் என்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நோயில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடித்தாலோ, சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கக்கூடும். எந்தப் பயிற்சியும் அதைத் தீர்க்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த நேரத்தில் கழிக்கிறது என்று கவனியுங்கள். எங்கள் செம்பி, என் மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் காதுகளைப் பின்னால் மடித்து, வாலைக் கால்களுக்கிடையே செருகி, வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, அவர் தடவிக்கொடுக்கக் குனியும் கணத்தில் சிறுநீரைக் கோடாக விட்டுவிடும். அச்சத்தில் தானாக நிகழ்வது அது. அதட்டினால் இன்னும் கூடும். அவர் குனிவதை நிறுத்தி, முக்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, நாயாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கோடு சிறுத்துச் சிறுத்து, ஒரு மாதத்தில் அறவே நின்றது.

வெளியே போகப் பயப்படும் நாய்க்குக் கூடுதல் பொறுமை வேண்டும். முனைக்கு முனை ஒரு நாய்க்கூட்டம், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன், சாவு ஊர்வலத்தின் மேளமும் வெடியும் என்றிருக்கும் தெருவில் அது நிம்மதியாகக் காலைத் தூக்குவது எப்படி? ஆகவே விடியற்காலை 5 மணிக்கும், இரவு 10 மணிக்கு மேலும், இடையில் உணவு முடிந்த கால் மணி நேரத்திலும், நாள்தோறும் ஒரே மூலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிரண்ட நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும் என்பதால், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையே நல்லது. கழித்து முடித்த அந்த நொடியிலேயே வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. கழித்தவுடன் இழுத்துக்கொண்டு திரும்பவும் கூடாது; கழித்தால் உலா முடிந்துவிடும் என்று நினைத்து, வேண்டுமென்றே அடக்கத் தொடங்கும்.

தெருவே ஒத்துவராதபோது, மொட்டை மாடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி, சிறுநீர் துடைத்த துணியை அதன்மேல் போட்டுவைத்தால், மணம் பிடித்து அங்கே போகப் பழகும். வீதியில் வளர்ந்த நாய்க்குக் காலுக்கடியில் மண் இருப்பது தனி ஆறுதல்.

தரையை ஃபினாயிலால் துடைப்பது நம் மூக்குக்குத்தான் போதும். நாய்க்குப் பழைய மணம் அப்படியே இருக்கும். சிறுநீர்க் கறைக்கென்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவமே அதை அகற்றும். சிமெண்ட் தரையானால் ஊறவிட்டுத் துடையுங்கள். அவசரத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர் உதவும். அதனுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பழகிய நாயும் வெடிச் சத்தத்தில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மாடித் தொட்டியைக் கீழே இறக்கி, கொல்லைக் கதவோரம் வைத்துவிடுகிறேன்.